கண்ணாடிக்குத் தோதான கம்பு

"ஏனுங்க, சித்தெ வெளிய வந்து பாருங்க. மாடிப்படிக் கண்ணாடி மேல என்னமோ ஊத்துனாப்பல இருக்குது."

கீதா வாசலில் நின்று கூப்பிட்டபோது அவள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் அப்போதுதான் பல் விளக்க ஆரம்பித்திருந்தார். வாயில் நுரையோடு ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். வீட்டின் முகப்பில், மாடிப்படி ஏறுகிற பக்கம் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிதான். வடவள்ளிப் பக்கம் இப்போது எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்கள் என்று இஞ்சினியர் சொல்ல, இவரும் தலையாட்டி வைத்தார். அதைத் திறக்கவும் முடியாது, எட்டவும் முடியாது. அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு கறை வழிந்து காய்ந்திருந்தது.

"காக்கா வேலை," என்றார் நுரையைத் துப்பிவிட்டு. "வருசம் பூரா உட்டுப்போட்டு இன்னைக்குப் பாத்து எச்சம் போட்டிருக்குது பாரு."

"போச்சாதுங்க, உடுங்க. ஒரு பொட்டுக் கறை. யாரு அண்ணாந்து பாக்கப் போறாங்க?"

"யாரு பாப்பாங்களா? அவங்க வர்றதே பாக்கறதுக்குத்தான்!"

அது உண்மைதான். அன்று மதியம் மூன்று மணிக்குச் சோமனூரிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். மகன் மதன்குமாருக்கு முப்பத்து நான்கு முடிந்துவிட்டது. கனிஷ்காவை அவனுக்குப் பிடித்துவிட்டது, அவளுக்கும் அவனை. ஜாதகமும் ஒத்துப்போயிற்று. பெரியவர்கள் வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, காபி குடித்துவிட்டு 'செரிங்க' என்றால் நிச்சயம்தான். ஆனால் இதற்கு முன்பு வந்த இடங்களும் இதுவரைக்கும் வந்துதான் நின்றுபோயின. "இதுவும் நின்னுபோச்சுன்னா எனக்கு இனிப் பொண்ணே பாக்காதீங்கம்மா" என்று மதன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து கீதாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஏன் நின்றுபோயின என்பதற்குப் பொங்கியண்ணனிடம் தெளிவான பதில் இருந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் வந்தபோது கேட்டில் பெயின்ட் உரிந்திருந்தது. போர்வெல் போட்ட கதையை, பாறை வந்த இடம், ஈரமண் வந்த இடம் என்று ஒன்று விடாமல் அவர்களுக்கு இவர் சொல்லி முடிப்பதற்குள் காபியில் ஏடு படிந்துவிட்டது. போனவர்கள் போனவர்கள்தான். உடனே கேட்டுக்குப் பெயின்ட் அடித்தார். அடுத்து வந்த காங்கேயத்துக்காரர் தன் தோட்டத்துக்குப் புது மோட்டார் வாங்கியிருப்பதாகச் சொல்ல, அது எப்படி ஏமாந்து வாங்கிய மோட்டார் என்று இவர் படம் போட்டு விளக்கினார். அவர்களும் அதோடு போன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காலிக் கதவு கிறீச்சிட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்து அதற்கு எண்ணெய் விட்டார். பம்ப்செட் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கே பழுது என்று கண்டுபிடிக்காமல் அவரால் சும்மா உட்காரமுடியாது. சும்மா உட்காரவே முடியாது என்றும் சொல்லலாம்.

"இந்தத் தடவை ஊட்டுல ஒரு குத்தம் இருக்கக் கூடாது," என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

பொடக்காலியில் கிடந்த பிவிசி பைப்பின் நுனியில் ஒட்டடைக் குச்சியைக் கட்டி, அதன் தலையில் ஈரத்துணியைச் சுற்றினார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி வெங்கடம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள்.

"ஐயா, பைப்பு நெளியுதுங்க."

"நெளியாது."

நெளிந்தது. துணி கறையைத் துடைக்காமல் இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளங்கை அகலம் இருந்தது இப்போது தாம்பாளம் அகலம் ஆகிவிட்டது. கோபத்தில் தோட்டத்து ஓஸை எடுத்துப் பீய்ச்சினார். கறை அசையவில்லை. ஆனால் போர்த் தண்ணீர் வெயிலில் காயக் காயக் கண்ணாடி முழுக்க உப்புப் பூத்து, அம்மை போட்ட முகமாய்ப் புள்ளி புள்ளியாக நின்றது.

"ஐயோ!" என்றார் பொங்கியண்ணன். அவருக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"துணியெல்லாம் ஆகாதுங்க," என்றாள் கீதா. "காந்திபுரத்துல நம்ம வஹீது அண்ணன் கடையில இதுக்குன்னே கம்பு, பிரஷ்ஷெல்லாம் இருக்குதாமா. அவசரப்படாம, நெதானமாத் தேடிப் பாத்து வாங்கிட்டு வாங்க."

அப்துல் வஹீதின் கடையில் சுவர் தெரியாத அளவுக்குக் கம்புகள் சாய்ந்து நின்றன.

"எத்தனை ஒசரமுங்கண்ணா?"

"ரெண்டு மாடி."

"அப்ப இந்த இழுப்புக் கம்பைப் பாருங்க. அலுமினியம். வேணுங்கற அளவு இழுத்து, இப்படித் திருகுனா நின்னுக்கும்."

"ஜாயின்ட் இருக்குது."

"ஜாயின்ட் இருந்தாத்தானுங்க இழுக்க முடியும்?"

"ஜாயின்ட்டுன்னாலே லீக்கு. சர்வீஸ் பூரா பாத்தவன் சொல்றேன், கேட்டுக்க."

"கம்புல என்னத்துங்க லீக்காகப் போகுது?"

பொங்கியண்ணன் பிரஷ்கள் பக்கம் நகர்ந்துவிட்டார். வஹீது பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். "இது நைலான் முடிங்க, வெறப்பா இருக்கும், தரைக்கு ஆகும். கண்ணாடிக்கு இந்த மெத்து பிரஷ்தான். நல்லா நனைச்சு, இதுல தேச்சு, கடைசியா ரப்பர் வைப்பர்ல ஒரே இழுப்பா இழுத்துறோணும்."

"எச்சம் சிமென்ட்டாட்டக் கெடக்குது. மெத்து பிரஷ்ஷு அதைத் தடவிக் குடுக்குமா?"

"காக்கா எச்சம் அப்படியெல்லாம் எறுகாதுங்களே?"

"எங்கூட்டுக் காக்காயைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

ஜாயின்ட் இல்லாத ஒரே நீளக் கம்பையும், இருப்பதிலேயே விறைப்பான நைலான் பிரஷ்ஷையும் வாங்கிக்கொண்டு, கம்பை மொபெட்டின் நீளவாக்கில் கட்டிக் கிளம்பினார். முன்னால் பாதித் தெருவும் பின்னால் மீதித் தெருவும் கம்பாக இருந்தது. டவுன் பஸ்கள் ஒதுங்கின. துணிக்கடைகள் இருக்கிற சந்தில் திரும்பும்போது பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. வழியெல்லாம் ஜனங்கள் அவரைப் பார்த்துக் கையாட்டிக் கத்தினார்கள். நமக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று சந்தோஷப்பட்டு அவரும் பதிலுக்குக் கையாட்டினார்.

"ஏனுங்க, பின்னால அதென்னுங்க?" என்றாள் கீதா, அவர் வீட்டு வாசலில் வந்து இறங்கியதும்.

திரும்பிப் பார்த்தார். கம்பின் வால் நுனியில் பூப்போட்ட நைட்டி ஒன்று ஹேங்கரோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பில் பிரஷ்ஷை மாட்டினார். பிரஷ்ஷின் திருகு மரை வேறு, கம்பின் மரை வேறு. அரைச் சுற்றுதான் ஏறியது. பரவாயில்லை என்று தூக்கி ஓங்கித் தேய்த்ததில் பிரஷ் தலை தனியே பறந்து சன்ஷேடில் போய் உட்கார்ந்துகொண்டது. கையில் மொட்டைக் கம்பு மிஞ்சியது.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள் கீதா. "அந்த வெறப்பு முடி பட்டுக் கீறல் உழுந்துதுன்னா கண்ணாடியே மாத்தோணும். அண்ணன் சொன்ன மெத்து பிரஷ்ஷையே வாங்கிட்டு வந்துருங்க. போற வழியில நைட்டியையும் குடுத்துட்டு வந்துருங்க."

"நேரம் ஆகுதே புள்ள?"

"நேரம் கெடக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க."

நைட்டிக் கடைக்காரரிடம் தான் திருடன் இல்லை என்று நிரூபிக்கவே வெகுநேரம் பிடித்தது. அங்கிருந்து வஹீது கடைக்கு ஓடினார். வஹீது யாரோடோ போனில் 'செரிங்கம்மா' என்று பேசி முடித்துவிட்டு வந்து, அதிசயமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். டீ வந்தது.

"அண்ணா, உங்களுக்குன்னே ஒண்ணு இருக்குதுங்க. கம்பு கூடவே ஓஸ் ஏறும், பிரஷ்ஷுலயே தண்ணி கொட்டும். குடோன்ல இருக்குது, ஆளு எடுத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் அந்த ஜாயின்ட்டு லீக்காகற விசயத்தைச் சொல்லுங்க."

கேட்க ஒருவர் கிடைத்தால் பொங்கியண்ணன் விடுவாரா? வாசல், கடிகாரம், வாசல் என்று கண் அலைந்துகொண்டிருந்தாலும் வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கம்பு வந்து, மாட்டிக் காட்டி, கழற்றிக் காட்டி, அவர் வீடு வந்து சேர்ந்தபோது விருந்தாளிகள் வருகிற நேரம் நெருங்கிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. பழைய கறைக்குப் பக்கத்துக் கண்ணாடியில் புதிதாக இன்னொரு கறை, ஈரம்கூடக் காயாமல் வழிந்துகொண்டிருந்தது.

"இப்பத்தானுங்கய்யா வந்துட்டுப் போச்சு," என்று மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள் வெங்கடம்மாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பெரிய காக்காயிங்க."

போர்த் தண்ணீர் பட்டால் மறுபடியும் உப்புப் பூக்கும். யோசிக்க நேரமில்லை. குடிக்கப் பிடித்து வைத்திருந்த சிறுவாணித் தண்ணீர்த் தொட்டியில் மோட்டாரைப் போட்டு ஓஸை மாட்டினார். புதுக் கம்பை இழுத்து நீட்டித் திருகினார். ஜாயின்ட் லீக்காகவில்லை. மெத்து பிரஷ் கண்ணாடியைத் தொட்டதும் அதன் முடிக்குள்ளிருந்து சிறுவாணி பொழிந்தது. கறை கரைந்து இறங்கத் தொடங்கியது. அந்த நிமிடம் பார்த்து வாசலில் சோமனூர்க் கார் வந்து நின்றது.

"வந்துட்டாங்க! நான் போயி—"

"பாதியில உட்டுப்போடாதீங்க!" கீதா குறுக்கே வந்தாள். "காஞ்சா மறுபடியும் புள்ளி உழுந்துருமுங்க. அவங்களை நான் பாத்துக்கறேன்."

அந்த நியாயத்தை அவரால் மறுக்க முடியவில்லை. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் கம்பைப் பிடித்தார்.

கனிஷ்காவின் அப்பா வாழ்நாள் முழுக்கத் தறிப் பட்டறையிலேயே இருந்தவர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாடிப்படி அருகே வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சம்பந்தி ஒரு கையில் கம்பும் மறு கையில் அபிநயமுமாக நிற்பதைக் கண்டார். பொங்கியண்ணன் கம்பு இழுப்பது, திருகுவது, தண்ணீர் ஏறுவது எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி. உள்ளே ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

"ஐயா என்னமோ சொல்றாருங்களே?"

"வேலை செய்யறப்ப சாமி பாட்டுப் பாடுவாருங்க," என்றாள் கீதா. "மத்தபடி பேச்சே இருக்காதுங்க."

சோமனூர்க்காரர் மரியாதையாகக் கைகூப்பினார். கம்பின் அருமை புரிந்துவிட்டது என்று பொங்கியண்ணன் மகிழ்ந்து, வைப்பர் பற்றி ஆரம்பித்தார். தறிச் சத்தத்தில் கையாலேயே பேசிப் பழகிய மனிதர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இவரும் காட்டினார். இரண்டு பெரியவர்களும் ஒருவரை ஒருவர் இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டதை மதன் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"எங்கூட்டுல ராத்திரி பகலா சத்தந்தானுங்க," என்றார் சோமனூர்க்காரர் கீதாவிடம். "போற எடத்துலயாவது எம்புள்ளைக்கு அமைதி கெடைக்கோணும்னு ஆசைப்பட்டேன். பெரியவரே கம்பெடுத்துக் கண்ணாடி தொடைக்கறாரு, ஒரு அதட்டல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்குச் செரிங்க. வர்ற புதன்கிழமை இங்கயே நிச்சயத்தை வெச்சுக்கலாம்."

குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். குழாயில் காற்றுதான் வந்தது. சிறுவாணி முழுவதும் கண்ணாடி வழியாகத் தோட்டத்துக்குப் போயிருந்தது. கீதா தொண்டாமுத்தூரில் இருக்கிற அண்ணன் கொண்டுவந்து போட்ட இளநீரைச் சீவிக் கொடுத்துச் சமாளித்தாள்.

வெளியே பிரஷ்ஷில் தண்ணீர் நின்றதும் பொங்கியண்ணன் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கார்க் கதவருகே சோமனூர்க்காரரின் கையைப் பிடித்தார். கீதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"சம்பந்தி, இந்தக் கம்புல என்ன விசேசமுன்னா, முன்னையெல்லாம் ஜாயின்ட்டு—"

"ராகுகாலம் பொறக்கப் போகுதுங்க, அதுக்குள்ள ஊரெல்லை தாண்டோணும். புதன்கிழமை பாக்கலாமுங்க!"

கார் போய்விட்டது.

சாயங்காலம் மொட்டை மாடியில் மதன் கனிஷ்காவோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். மகன் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது! பொங்கியண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட் இல்லை, பொடக்காலிக் கதவு இல்லை. கண்ணாடிதான் இத்தனை நாளும் பழுது. கண்டுபிடித்துச் சரி செய்தாகிவிட்டது. கையில் இன்னும் துறுதுறுப்பு அடங்காமல், வாளியில் கொஞ்சம் தண்ணீரும் அந்த மெத்து பிரஷ்ஷுமாக அடுப்படி ஜன்னல் பக்கம் போனார். அந்த ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தமும், அதற்கு நடுவே வெங்கடம்மாளின் குரலும் கேட்டன.

"ஏனுங்கக்கா, புதன்கிழமையும் ஐயா வாயைத் தொறக்காம இருக்கோணும்னா ஒரு கண்ணாடிக்குச் சுண்ணாம்பு ஊத்துனாப் பத்துமுங்களா, இல்ல இன்னைக்காட்ட ரெண்டுக்கும் ஊத்திப்போடட்டுங்களா?"