கண்ணுக்குத் தெரியாத வெள்ளியும் தீர்வு சாரும்

தீர்வோடு பிறக்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது, ஐயா. அவர்களிடம் தலைவலி என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாயை மூடுவதற்குள் மருந்தின் பெயர், அதை விற்கும் கடை, அதே மருந்தில் அந்தக் கடைக்காரரின் தம்பி எழுந்து நடந்த கதை எல்லாம் வந்து விழும். வலி எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பிலும் ஒருவர் உண்டு. காப்பீட்டு அலுவலக அதிகாரி. குடியிருப்போர் சங்கச் செயலாளர். குழந்தைகள்கூட ‘தீர்வு சார்’ என்றுதான் கூப்பிடுகின்றன. அதைப் பட்டம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யார் போய்ச் சொல்வது?

மேல்மாடி அக்காவின் கணவர் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எல்லோருக்கும் கிலி. வாசலில் இருக்கும் அல்லிக்குளத்தைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். அதில் தரைத்தளத்துத் தையல்காரரின் மீன்கள் இருந்தன. தனியாள், மெஷினை நிறுத்திவிட்டு வந்து அவற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

சங்கக் கூட்டத்தில் தீர்வு சார் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“நானோ வெள்ளி! வெள்ளியைத் தூசிக்கும் தூசியா ஆக்கியிருக்காங்க. ஆராய்ச்சிக்கூடத்துல கொசுப்புழு பூராவும் காலி. ஒரு கட்டுரையில நானே படிச்சேன்.”

“மீனுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?” என்றார் தையல்காரர்.

“அட, கண்ணுக்கே தெரியாததுங்க. அது மீனை என்ன பண்ணும்?”

“டெங்குக் கிருமி மட்டும் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தீர்வு சாரின் மனைவி. வீட்டுக் குரல் சபையில் எடுபடுமா? டீ வந்தது; நாங்கள் கைதட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டோம்.

பாட்டிலில் ஒரு மூடி ஊற்றச் சொல்லியிருந்தது. “அது சாதாரணக் கொசுவுக்கு. நம்மளுது முரட்டுக் கொசு” என்று முழுப் பாட்டிலையும் கவிழ்த்தார்.

புழுக்கள் செத்தன. உண்மையைச் சொல்ல வேண்டும், செத்தன. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். மாப்பிள்ளை நடை நடந்தார். அப்புறம் தண்ணீரில் துள்ளும் பொடிப் பூச்சிகள் காணாமல்போயின, யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகப் புரண்டு மிதந்தன.

தையல்காரர் ஒரு துணியால் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தார். திட்டவில்லை. “இனிமே நான் யாரோட சார் பேசுவேன்?” என்று மட்டும் கேட்டார்.

தீர்வு சார் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அந்தக் கட்டுரையின் மிச்சப் பகுதியைப் படித்தார். இது மீனின் செவுள்களைத் தாக்கலாம், மற்ற நீர்வாழ் உயிர்களையும் கொல்லலாம், குளங்களில் விடுமுன் இன்னும் ஆராய வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. மனைவியிடம் காட்டினார். “நீ அப்பவே சொன்னே” என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதற்குமுன் கேட்டதில்லை.

மழை வந்து மருந்து நீர்த்துப்போனது. தின்ன மீன் இல்லாத குளத்தில் கொசுப்புழுக்கள் பள்ளி விட்ட பிள்ளைகள்போல் கும்மாளம் போட்டன. சுகாதார ஆய்வாளர் வந்தார்.

“மீன் இருந்தப்போ இதுல பெருசா புழு இருந்திருக்காதே. மொட்டை மாடியைப் பாத்தீங்களா?”

ஏறிப் பார்த்தோம். சங்கத்தின் காலி பெயின்ட் டப்பாக்கள், ‘எதுக்காவது உதவும்’ என்று செயலாளரே அடுக்கிவைத்தவை, மழைநீரோடு நின்றன. ஒவ்வொன்றிலும் புழுக்கள் நெளிந்தன.

தீர்வு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டப்பாக்களைக் கவிழ்த்தார். குளத்து நீரைச் சாக்கடையில் விடாமல் என்ன செய்வது என்று ஆய்வாளரிடமே கேட்டார். ஆமாம், கேட்டார்! குளம் சுத்தமானதும் புது மீன்களோடு தையல்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். தையல்காரர் குனிந்து மீன்களைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

மேல்மாடி அக்காவின் கணவரும் வீடு திரும்பிவிட்டார். நலம் விசாரிக்கப்போன தீர்வு சார், ரத்தம் ஊற என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. இனம் அவ்வளவு சீக்கிரம் அழியுமா?

இதுவரை படித்ததில் உங்களுக்கு யார் ஞாபகம் வந்தது? மாமனாரா, மேலதிகாரியா, பக்கத்து வீட்டுக்காரரா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அவர்களும் இதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தால், யாரை நினைத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.