ரைட் சாரின் முன்னறை

முன்னறையை மீட்டே தீருவது என்று புரூஃப்காரர் முடிவு செய்தார்.

ஆயுசு பூராவும் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தில் பிழை பிடித்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது ஒரு நாற்காலி. துணி துவைக்கும் மெஷினுக்கும் துடைப்பத்துக்கும் நடுவில். மெஷின் ஓடினால் நாற்காலியும் ஆடும். பார்ப்பவர்களுக்கு அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுபோல் தெரியும். அந்த வீட்டில் அது பொய்யும் இல்லை.

முன்னறை மனைவியின் வசம். அவள் தையல்காரி. தையல் மெஷின், ஆளுயரக் கண்ணாடி, பாதி தைத்த சட்டைகள் தொங்கும் கம்பி, டிரையலுக்குக் காத்திருக்கும் பெண்கள். தெருவுக்குப் போவதென்றால் புரூஃப்காரர் இருமிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி அந்த அறையைத் தாண்டவேண்டும். சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

சும்மா கேட்டால் கிடைக்காது. பெரிய காரணம் வேண்டும். இலவச ஆங்கில வகுப்பு. தெருவுக்கே அறிவு வழங்கும் காரியத்துக்கு எப்பேர்ப்பட்டவளும் குறுக்கே நிற்கமுடியாது. அவள் என்னென்ன சொல்வாள், அதற்கு என்னென்ன சொல்வது என்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“எடுத்துக்குங்க,” என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஒத்திகை வீணாய்ப் போனதில் அவருக்கு வருத்தம்தான். “உன் மெஷின்?”

“படுக்கையறையில போட்டுக்கறேன். ஜன்னல் இருக்கு, வெளிச்சம் வரும். உங்க கட்டிலைத்தான் எடுக்கணும்.”

“எங்கே போடறது?”

“அதான் முன்னறை உங்களுதாயிடுச்சே.”

இரண்டே நிபந்தனை போட்டாள். தன்னிடம் பெண்கள் வந்துபோகிற வீடு, அதனால் வகுப்பும் பெண்களுக்குத்தான். கண்ணாடி படுக்கையறை வாசலில் நுழையாது, அது இருக்கிற இடத்திலேயே இருக்கும். மாணவிகளைத் தானே சேர்த்துவிடுவதாகவும் சொன்னாள். புரூஃப்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று நினைத்தார்.

முதல் நாளே பெஞ்சு நிறைந்தது. பேக்கரிக்காரி, நர்ஸ், மருந்துக்கடைக்காரி, இன்னும் யார் யாரோ. மடியில் ஆளுக்கொரு பை. நோட்டுப் புத்தகம் என்று எடுத்துக்கொண்டார்.

கரும்பலகையில் ‘ரைட்’டை எழுதினார். சின்ன வார்த்தைதான், ஆனால் ஆழம் பார்த்தவர்கள் குறைவு என்றார். வலது கையும் ரைட், சரி என்பதும் ரைட், உரிமையும் ரைட். இந்த மூன்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. எழுதுவதும் ரைட்தான், அதற்கு எழுத்து வேறு. சடங்குக்கும் ஒரு ரைட், அது இன்னொரு வகை. கப்பல் கட்டுகிறவனுடைய ‘ஷிப்ரைட்’ என்ற பேரில்கூட வால் மாதிரி ஒரு ரைட் ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு உருவம், ஒரே சத்தம்.

பேசும்போது எது எதுவென்று எப்படித் தெரியும் என்றாள் பேக்கரிக்காரி. பேச்சுப் போகிற போக்கில் தெரியும் என்றார் அவர். நர்ஸ் பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதற ரைட்டுக்கு முன்னாடி ஒரு டபிள்யூ நிக்குதே சார், அதுக்கு என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்லம்மா. சத்தம் போடாது. சும்மா முன்னாடி நிக்கும்.”

“எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு,” என்றது படுக்கையறைத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல்.

வகுப்பு சிரித்தது. அந்த டபிள்யூவை எடுத்துவிட்டால் எழுதுகிற வேலையே போய் வெறும் சடங்குதான் மிஞ்சும் என்று புரூஃப்காரர் விளக்க ஆரம்பித்தார். கேட்ட நர்ஸைக் காணோம். தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள்.

எல்லோரும் அப்படித்தான். ஒருத்தி வெளியே வருவாள், அடுத்தவள் எழுந்து திரைக்குள் போவாள். ஆங்கிலம் தொண்டையை வறட்டும் என்பது அவர் அறிந்ததே. சிலர் திரும்பி வந்து கண்ணாடி முன் நின்று வலது கையைத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு இடது கையை. பாடத்தை உடனுக்குடன் பயிற்சி செய்கிறார்கள் என்று பூரித்துப்போனார்.

மறுநாள், பக்கம் பக்கமாக அர்த்தம் உள்ள ‘செட்’ என்ற வார்த்தையை எடுக்கலாம் என்று அகராதியும் கையுமாக வந்தால், பெஞ்சு முழுக்கப் புது முகம். நேற்று வந்தவர்கள் எங்கே என்று மனைவியைக் கேட்டார். ஒரே நாளில் புரிந்துவிட்டது போல, புரிந்தவர்கள் எதற்குத் திரும்ப வரவேண்டும் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடியும் ‘ரைட்’. அதற்கு மறுநாளும் புது முகங்கள், மறுபடியும் ‘ரைட்’. ‘செட்’ அகராதிக்குள்ளேயே காத்துக் கிடந்தது. தெருவில் அவருக்கு ரைட் சார் என்றே பெயர் விழுந்துவிட்டது. இருமாமல், நிமிர்ந்து நடந்தார்.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரி திரும்பி வந்தாள். புரூஃப்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக ஒரு பழைய மாணவி. அவளை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு அகராதியைத் திறந்தார். அவள் உட்காரவில்லை.

“எனக்கு ரைட்டு போன தடவையே முடிஞ்சுது சார். இன்னிக்கு ஜிப்பு மட்டும்தான். கடையில ஆள் இல்ல, சீக்கிரம் விடுங்க.”

“என்ன ஜிப்பு?”

“கவுனுக்கு. டைலரக்காதான் சொன்னாங்க, முறை வர்ற வரைக்கும் சார் பாடம் எடுப்பாரு, கேட்டுக்கிட்டு உக்காந்திருங்கன்னு. நல்ல ஏற்பாடு சார். மூலைக்கடை டைலர்கிட்ட வெறும் ஃபேன்தான் ஓடும்.”

புரூஃப்காரர் பெஞ்சைப் பார்த்தார். மடியில் இருந்த பைகளைப் பார்த்தார். ஒன்றிலிருந்து சட்டைக் கை எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் காலர். பெஞ்சு முழுக்கப் பிழை. காற்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடித்தவர், ஒன்றையும் பிடிக்கவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மனைவி வாயில் குண்டூசிகளோடு ஒரு பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னை வெச்சுக் கூட்டத்தை உக்கார வெக்கிறியா?”

அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். காத்திருக்கப் பொறுமையில்லாமல் பாதிப் பேர் மூலைக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததையும், இப்போது ஒருத்தியும் போகாததையும் சொன்னாள்.

“உங்களுக்கும் பேசறதைக் கேக்க நாலு பேரு ஆச்சு. பிடிக்கலைன்னா சொல்லுங்க. மெஷினை முன்னறைக்கே எடுத்துட்டுப் போயிடறேன். உங்க நாற்காலி அங்கேயேதான் இருக்கு.”

பின்பக்கத்தில் துவைக்கும் மெஷின் அப்போதுதான் சுற்ற ஆரம்பித்தது. கூடவே நாற்காலி ஆடுகிற சத்தமும் கேட்டது.

“நாளையிலேருந்து பள்ளிக்கூடச் சீருடை. அம்மாக்கள் கூட்டம் தாங்காது,” என்றாள் மனைவி, குண்டூசியை மறுபடி எடுத்துக்கொண்டே. “ரைட்டு சட்டுனு முடிஞ்சுபோவுது. இதைவிட அர்த்தம் ஜாஸ்தியா ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“செட்டுன்னு ஒண்ணு இருக்கு,” என்றார் புரூஃப்காரர். “எத்தனை சீருடை வந்தாலும் தாங்கும்.”