வெளிச்சம் பாத்து வாங்கின காணி

கடலுக்குப் போறவன் காத்துப் பாக்காமல் வள்ளம் இறக்கமாட்டான். நானும் அப்பிடித்தான். காணி வாங்கேக்க மட்டும் காத்தைப் பாக்கேல்லை.

பள்ளிமுனையில வாடகை வீட்டில இருந்தம். பகலிலும் இருட்டு. மனுசி ரெஜினா தையல்காரி. கண் மங்கத் தொடங்கியிருந்தது. "பகல் வெளிச்சத்தில மிஷின் போடோணும். அது காணும்" எண்டாள். என்னட்டக் கேட்டது அது ஒண்டுதான்.

பங்குனியில காணி பாத்தம். இலை அசையேல்லை. ஒரு காணி பனைகளுக்கு நடுவில. மற்றது வெட்டை வெளி.

"இஞ்சேருங்கோ, பனையடி நல்லாயிருக்கு" எண்டாள் ரெஜினா.

"நிழல் விழும். லொறியும் திருப்பேலாது." (மீன் ஏத்துற சின்ன வாகனம். நான் லொறி எண்டுதான் சொல்லுவன்.)

வெட்டைக்கு நடுவில நிண்டு கையை விரிச்சன். "நாலு லொறி விடலாம்."

ரெஜினாட தம்பி ஜெராட் சொன்னான்: "உங்களிட்ட ஒண்டுதானே இருக்கு, அத்தான்."

வெட்டையை வாங்கினன். உடன வீடு கட்டத் தொடங்கி, மேற்கில ரெண்டு பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னன்.

சோளகக் காத்து தொடங்க, வழமைபோல முல்லைத்தீவுப் பக்கம் தொழிலுக்குப் போயிட்டன். மிச்ச வேலையை ஜெராட் பாத்தான். ஒருநாள் போன் எடுத்தான்.

"அத்தான், இஞ்ச கொஞ்சம் காத்தடிக்குது."

"நல்லதுதானே. ஃபேன் தேவையில்லை."

ஆடியில வீடு மந்திரிச்சுக் குடிபுக வந்தன். பங்குச் சுவாமி காரில வந்தார்.

"உள்ளுக்க விடுங்கோ சுவாமி. இடம் தாராளம்" எண்டன்.

விட்டார். கார்ச் சில்லு பாதி மணலுக்க போயிட்டுது.

உள்ளுக்கு ரெஜினா புதுச்சீலையோட நிண்டாள். எல்லாருக்கும் வெளிச்சத்தைக் காட்டோணும் எண்டு அவளே ரெண்டு ஜன்னலையும் திறந்தாள். வெளிச்சம் வந்தது. அதுக்குப் பின்னால கடற்கரை மணல் முழுக்க வந்தது. மெழுகுதிரி நூந்துது. பொங்கின புக்கைப் பானைக்க மணல். தீர்த்தம் தெளிச்ச இடமெல்லாம் சேறு.

"கண்ணை மூடிச் செபிப்பம்" எண்டார் சுவாமி. எல்லாரும் முதலே மூடிக்கொண்டுதான் நிண்டவை.

செபம் சுருக்கமா முடிஞ்சுது. புதுச்சட்டையளோட சனம் காரைத் தள்ளிச்சுது. புக்கையை ஆரும் ரெண்டாந்தரம் கேக்கேல்லை.

சனம் போனபிறகு ரெஜினா ஜன்னலைச் சாத்தினாள். மிஷினில கிடந்த மணலைத் துடைச்சாள். பட்டப்பகலில லைட்டைப் போட்டாள்.

இப்ப சோளகம் வந்தால் மாசக்கணக்கா ஜன்னல் பூட்டுத்தான். லொறி றோட்டில நிக்குது. லொறிக்கு விட்ட இடத்தில, சுவர் மறைவில, ஊர்க் கழுதையள் நிக்குதுகள். நாலில்லை, நாலுக்கும் கூட.

மேற்கு வேலியில பனங்கொட்டை ஊண்டினன். முழங்கால் உயரம் வந்திருக்கு. அது காத்தை மறைக்கிற காலம் நாங்கள் இருப்பமோ தெரியாது.

மத்தியானம் கரண்ட் நிண்டால் மகள் கத்துவாள்: "அப்பா, உங்கட வெளிச்சம் போயிட்டுது!" வீடு முழுக்கச் சிரிக்கும். ரெஜினாவும் சிரிப்பாள். சிரிச்சுக்கொண்டே ஊசியை என்னட்ட நீட்டுவாள்.

நான் வாசலுக்குப் போய் நூல் கோத்துக்கொண்டு வந்து குடுப்பன்.