புதுத் துவக்குக்குப் போட்ட எண்ணெய்

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். புதுசாய் வாங்கின துவக்கின்ரை இறுக்கத்தை எடுத்து, சனிக்கிழமை முயல் வேட்டைக்கு ஆயத்தமாக்கிறது.

வேட்டையோ? இவரோ? எண்டு சிரிக்கிறவை சிரியுங்கோ. என்ரை மனிசியும் அப்பிடித்தான் சிரிச்சவ.

இது எழுபதுகளிலை, மெல்பேர்ணிலை. நான் ஒரு தொழிற்சாலையிலை எஞ்சினியர். மத்தியானத்திலை என்னோடை வேலை செய்யிற கெவினும் அவன்ரை கூட்டாளியள் ரெண்டு பேரும் ஒரு மேசையிலை இருந்து சத்தம் போட்டுச் சிரிச்சுக் கதைப்பாங்கள். நான் மூலையிலை தனிய இருந்து சாண்ட்விச் தின்னுவன். எட்டு மாதமாய் இதுதான் கதை.

கூடாத பெடியங்கள் இல்லை. "ஹலோ" சொல்லுவாங்கள். அதுக்குப் பிறகு என்னோடை என்னத்தைக் கதைக்கிறதெண்டு அவங்களுக்குத் தெரியாது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த மேசையிலை போய் இருக்க ஆசை. நடந்த முழுக் கூத்துக்கும் அந்த ஆசைதான் காரணம்.

ஒருநாள் அவங்கள் முயல் வேட்டை பற்றிக் கதைக்க, நான் மூலையிலை இருந்து குறுக்கை விழுந்தன்.

"எங்கடை குடும்பமே வேட்டைக்காரக் குடும்பம்தான்!"

பச்சைப் புளுகு. என்ரை பெரியப்பா ஊரிலை விதானையாய், அரசாங்கம் வைச்ச ஊர் அதிகாரியாய், இருந்தவர். அவரிட்டை ஒரு துவக்கு இருந்தது. அதை நான் பத்தடி தள்ளி நிண்டு பாத்திருக்கிறன். அவரும் அதாலை ஒரேயொருக்கா ஒரு காகத்துக்குச் சுட்டவர். காகம் சுகமாய்ப் பறந்து போட்டுது.

கெவின் திரும்பிப் பாத்தான். "அப்ப அடுத்த மாதம் எங்களோடை வாவன். சொந்தத் துவக்கு இருக்குத்தானே?"

"ஓம், இருக்கு!"

மண்ணாங்கட்டிதான் இருந்தது. அடுத்த நாளே லைசென்சுக்கு எழுதிப் போட்டன். அது வந்தவுடனை கடைக்கு ஓடினன்.

லீவர் வைச்ச துவக்கு ஒண்டு வாங்கினன். விசையைச் சுத்தி ஒரு வளையம் இருக்கும். அதுதான் லீவர். அதைக் கீழை தள்ளி மேலை இழுத்தால் தோட்டா உள்ளை ஏறும். ஏன் அதை வாங்கினனீர் எண்டு கேட்டால், பாக்க வடிவாய் இருந்தது. வேறை ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது.

கடைக்காரன் சொன்னான்: "புதுசு எண்டபடியால் இறுக்கமாய் இருக்கும். தோட்டா போடாமல், லீவரை ஒரு இருநூறு தரம் இழுத்து விடு. இளகிப் போகும். துவக்கு எண்ணெய் ஒரு போத்தில் தரட்டோ?"

பாத்தியளோ, எஞ்சினியருக்கே எண்ணெய் விக்கிறான்!

"வேண்டாம். எனக்குத் தெரியும்" எண்டன். அவன் தந்த விளக்கப் புத்தகத்தைக் காருக்குள்ளையே எறிஞ்சு விட்டன். படிக்காதவங்களுக்குத்தானே புத்தகம்!

வீட்டை வந்து, ஹீட்டருக்கு முன்னாலை கதிரையைப் போட்டு இருந்து, கடக், கடக் எண்டு தொடங்கினன்.

குசினிக்குள்ளை இருந்து மனிசி கேட்டா: "இஞ்சாருங்கோ, உது என்ன, தையல் மெசினோ?"

தையல் மெசின்! உடனை எனக்கு மூளை வேலை செய்தது. ஊரிலை எங்கடை தையல் மெசினுக்குத் தேங்காய் எண்ணெய்தானே விடுறது. ஒருக்காலும் சிக்கினதில்லை.

மனிசி தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தில் குசினியிலை இருந்தது. எண்ணெய் கல்லு மாதிரி உறைஞ்சு போய்க் கிடந்தது. நான் என்ன செய்தன் தெரியுமோ? போத்திலைச் சுடுதண்ணிக்குள்ளை வைச்சு, வடிவாய் உருக்கி, பேந்து துவக்குக்குள்ளை ஊத்தினன். உறைஞ்ச எண்ணெயை என்ரை கையாலையே உருக்கினனான்! அப்பவும் ஒரு யோசினை வரேல்லை. அந்த மண்டைக்கு ஒரு பட்டம் வேறை குடுத்து வைச்சிருக்கிறாங்கள்.

ஊத்தினாப் பிறகு லீவர் வழுக்கிக்கொண்டு ஓடிச்சுது. ஆகா! எனக்கு ஒரே பெருமை.

"பாரும், கடைக்காரனுக்குத் தெரியாத வித்தை!"

மனிசி போத்திலைத் தூக்கிப் பாத்தா. "அரைவாசியைக் காணேல்லை" எண்டு மட்டும் சொன்னா.

சனிக்கிழமை விடியவே என்ரை காரிலை வெளிக்கிட்டன். ஆடி மாதம், அங்கை அதுதான் நடுக் குளிர்காலம். துவக்கு ரெண்டு மணித்தியாலமாய்க் காரின்ரை பின்பெட்டியிலை கிடந்தது. பண்ணையிலை இறங்கினால் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைபனி. கெவினும் கூட்டாளியள் ரெண்டு பேரும், கெவின்ரை நாயும் எனக்காக நிக்கினம்.

"வேட்டைக்காரன், நீ முதல் சுடு" எண்டான் கெவின். தொண்ணூறடி தள்ளி ஒரு முயல் இருந்து எங்களைப் பாக்குது.

தோட்டா போடுறதுக்குத் துவக்கின்ரை பக்கத்திலை ஒரு குட்டிக் கதவு இருக்கு. நான் தோட்டாவை அதுக்குள்ளை விட்டன்.

"மேட், தோட்டாவின்ரை மற்றப் பக்கம்" எண்டான் கெவின்.

"தெரியும். சும்மா பாத்தனான்."

திருப்பி விட்டன். கதவு பெருவிரலைக் கடிச்சுது. கத்தாமல் சிரிச்சன். ஒரு மாதிரி மூண்டு தோட்டா போட்டு முடிய, விரலிலை ரத்தம். முயல் அசையேல்லை.

பேந்து, பெரிய வேட்டைக்காரன் மாதிரி காலை அகட்டி நிண்டு, லீவரைத் தள்ளினன்.

அரைவாசி வந்துது. நிண்டுது.

இழுத்தன். அசையேல்லை. தள்ளினன். அசையேல்லை.

"புதுசு. கொஞ்சம் இறுக்கம்" எண்டன்.

கெவின் துவக்கை வாங்கி, குழலை நிலத்துக்குப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கொண்டு லீவரோடை மல்லுக்கட்டி, மூண்டு தோட்டாவையும் வெளியிலை எடுத்தான். பேந்து பேனாக்கத்தியாலை உள்ளை கிண்டினான். வெள்ளையாய் ஒரு கட்டி வந்து விழுந்துது.

"இதென்ன, மெழுகுதிரியோ?"

"சவர்க்காரம் மாதிரிக் கிடக்கு" எண்டான் ஒரு கூட்டாளி.

எனக்கு அப்பவே விளங்கிட்டுது. காது ரெண்டும் சுட்டுது. போச்சுது, எட்டு மாதமாய்ப் பாத்துக்கொண்டிருந்த மேசை இண்டையோடை போச்சுது!

"தலைக்கு வைக்கிற எண்ணெய்" எண்டன்.

"ஆரின்ரை தலைக்கு?"

"என்ரை மனிசியின்ரை."

கெவின் துவக்கைக் கொண்டுபோய் என்ரை காரின்ரை சூடான பொனற்றுக்கு மேலை வைச்சான். கொஞ்ச நேரத்தாலை எண்ணெய் உருகி ஒழுகத் தொடங்கிச்சுது. அந்த வெளி முழுக்கத் தாளிச்ச வாசம். நாய் பாய்ஞ்சு வந்து, முன்னங்காலைத் தூக்கி வைச்சு, துவக்கை நக்குது!

கெவின் நிதானமாய்ச் சொன்னான்: "மேட், என்ரை நாய் உன்ரை துவக்கைத் தின்னுது."

அவ்வளவுதான். மூண்டு பேரும் புல்லிலை விழுந்து சிரிச்சாங்கள். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கண்ணாலை தண்ணி வரச் சிரிச்சாங்கள். முயல் அப்பவும் போகேல்லை. இந்தக் கூத்தை முழுசாய்ப் பாத்திட்டுத்தான் போனது.

காகக் கதையையும் அங்கையே சொல்லிப் போட்டன். மானம் போனாப் பிறகு புளுகை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது!

திங்கட்கிழமை மத்தியானம் நான் தலையைக் குனிஞ்சுகொண்டு மூலைக்குப் போக, கெவின் கூப்பிட்டான்.

"எங்கை போறாய்? இஞ்சை வந்து இரு. நாய்க் கதையை இவங்களுக்குச் சொல்லு."

மேசையைச் சுத்தி ஏழெட்டுப் பேர். நான் இருந்தன். சொன்னன். நெஞ்சு நிறைஞ்சு போச்சுது, பொய் சொல்லேல்லை. மூண்டு நாள் அந்த மேசைக்கு நான்தான் ராசா.

நாலாம் நாள் அவங்கள் எனக்கு ஒரு மண்ணும் விளங்காத ஃபுட்போல் கதைக்கத் தொடங்கினாங்கள், பேந்து ஒன்பது வருசமாய் நிப்பாட்டவேயில்லை.