ஹார்டு டிஸ்க்கில் குடியேற ஒரு விண்ணப்பம்

கால்நடை மருத்துவப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கும், வீட்டுக் கணினி விளையாட்டு ஒழுங்குமுறை வாரியத்தில் எழுத்தராக இருந்த அவள் கணவருக்கும் பொதுவாக ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பகலெல்லாம் அவள் அதில் வேலை செய்வாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் அவர் அதில் 'கோட்டை' என்ற விளையாட்டை ஆடுவார்.

'கோட்டை' ஏழு ஃபிளாப்பிகளில் வந்த விளையாட்டு. உள்ளே ஒரு கதவைத் திறந்தால் ஐந்தாவது ஃபிளாப்பியைப் போடச் சொல்லும். அதே கதவை மூடினால் இரண்டாவதைக் கேட்கும். ஆசைப்பட்டு வாங்கிய ஹார்டு டிஸ்க் ஒன்று கம்ப்யூட்டருக்குள் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. அதை 'கோட்டை' திரும்பியும் பார்க்காது. போதாததற்கு, தான் வந்த இடத்தில் வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பது அதன் கொள்கை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைத் துடைத்து எறிந்துவிட்டுத்தான் உட்காரும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பசுவின் நான்கு இரைப்பைகளைப் பற்றிய அத்தியாயத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டதால் எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் கோட்டை எரிந்துகொண்டிருந்தது.

"நான் அடிச்ச பக்கமெல்லாம் எங்கேங்க?"

"சேவ் பண்ணலையா?"

"பண்றதுக்குள்ள கூப்பிட்டாங்க. திரையில இருந்ததை நீங்க பாக்கலையா?"

"பாத்தேன். மாட்டு வயித்தைப் பத்தி என்னமோ இருந்துச்சு. முக்கியம்னு தெரியலை."

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விளையாட்டுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். கேட்டது இரண்டே விஷயம்: விளையாட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும், மற்ற வேலைகளோடு ஒத்துப்போய், கூடவே ஓட வேண்டும். கம்பெனி மரியாதையாகப் பதில் எழுதியது. வாரியத்தின் பதினான்காம் விதிப்படி விளையாட்டு ஃபிளாப்பியில்தான் இருக்க வேண்டும், தனியாகத்தான் ஓட வேண்டும், எனவே வாரியத்தை அணுகவும்.

வாரியம் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஏங்க, இந்த மனுவை நாளைக்கு ஆபீஸ்ல குடுத்துடுங்க."

"கையில வாங்கக் கூடாது. தபால்லதான் வரணும்."

"தபால்ல வந்தா யார் பிரிப்பாங்க?"

"நான்தான்."

தபாலில் அனுப்பினாள். 'தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. ஆவன செய்யப்படும்' என்று அவர் ஆபீஸில் உட்கார்ந்து பதில் அடித்தார். அது பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தபோது அவள் கடைக்குப் போயிருந்தாள். அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு விசாரணை நடந்தது. வாரிய இயக்குநர் தலைமை வகித்தார். முதல் சாட்சி, 'கோட்டை'யை எழுதிய புரோகிராமர்.

"கூட இன்னொண்ணு ஓடினா என் விளையாட்டு வினாடிக்கு ஐம்பது படத்துக்குப் பதிலா நாப்பத்தொம்பதுதான் காட்டும்," என்றார் அவர்.

"அது ஆடறவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

அடுத்த சாட்சி, விளையாட்டு ரசிகர் சங்கத் தலைவர். அந்த வருஷம் இளைஞர்கள் இடுப்பில் தோல் பை கட்டி, அதில் ஃபிளாப்பிகளைச் செருகிக்கொண்டு நடப்பது நாகரிகம். பை எவ்வளவு புடைத்திருக்கிறதோ அவ்வளவு மதிப்பு. விளையாட்டே இல்லாத வெற்று ஃபிளாப்பிகளை வாங்கிச் செருகியவர்களும் உண்டு. தலைவரின் இடுப்பில் நாற்பது இருந்தன. உட்கார முடியாமல் நின்றபடியே சாட்சி சொன்னார்.

"ஹார்டு டிஸ்க்கில ஆடறது லிஃப்ட்ல மலை ஏறற மாதிரிங்க. மாத்தி மாத்திப் போட்டு விரல் காச்சுப் போனாத்தான் அவன் ஆட்டக்காரன்."

இயக்குநர் குறித்துக்கொண்டார். பிறகு புரோகிராமரைக் கேட்டார்.

"ஹார்டு டிஸ்க்கில போட்டா, மெஷினை அணைச்ச பிறகும் விளையாட்டு அங்கேயே இருக்குமா?"

"இருக்கும் சார்."

"அப்ப அது அங்க குடியிருக்குதுன்னு அர்த்தம். குடியிருக்கிறவங்களுக்கு விலாசச் சான்று வேணும். அதை யார் குடுக்கிறது?"

இயக்குநர் அதையும் குறித்துக்கொண்டார்.

"அடுத்தது, ஒரே மெஷின் ரெண்டு வேலை பாக்கணும்னா ரெண்டு பணியிடம் ஒதுக்கணும். ஒண்ணுக்குத்தான் அனுமதி இருக்கு."

அவள் எழுந்தாள். "பசு நடந்துக்கிட்டே அசை போடுதுங்க."

"பசு வாரியத்தோட வரம்புக்குள்ள வராது."

"நீங்களே டீ குடிச்சுக்கிட்டுதான் நான் பேசறதைக் கேக்கறீங்க."

இயக்குநர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் நேர்மையான மனிதர். தொல்லையே அதுதான். மறுநாள் காலை ஒரு சுற்றறிக்கை வந்தது: 'வாரியப் பணியாளர் எவரும் ஒரே நேரத்தில் ஒரு வேலைக்கு மேல் செய்தலாகாது.' போன் அடித்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். நடக்கும்போது யோசிக்கக் கூடாது. தாளைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்யக் கூடாது. முதலில் படித்து முடித்து, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவிலிருந்து அடிக்க வேண்டும். ஒரு வாரத்தில் வாரியத்தின் பணிகள் அடியோடு நின்றுபோயின. ஆறு வாரமாகியும் வெளியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஏழாவது வாரம் இயக்குநர் மனுவை நிராகரிக்கும் அறிக்கையைத் தன் கையாலேயே கம்ப்யூட்டரில் அடித்தார். நூற்றுப்பன்னிரண்டு பக்கம். கடைசி வரியை அடித்ததும் களைப்பாக இருந்தது. வேலையை நிறுத்திவிட்டு, விதிப்படி தனியாக, 'கோட்டை'யின் முதல் ஃபிளாப்பியைப் போட்டார்.

அலறல் கேட்டு எழுத்தர் ஓடி வந்தார்.

"சேவ் பண்ணலையா சார்?"

வீட்டில் கேட்டபோது அவருக்கு இரண்டு நாள் மௌனம் கிடைத்தது. இங்கே, ஏன் அப்படிக் கேட்டார் என்று விளக்கம் கோரி ஒரு குறிப்பாணை கிடைத்தது.

அன்று மத்தியானமே அரசாணை வெளியானது. பொதுமக்களின் நெடுநாளைய கோரிக்கையைக் கனிவுடன் பரிசீலித்து, விளையாட்டுகள் ஹார்டு டிஸ்க்கில் குடியேறவும் பிற மென்பொருள்களோடு இணக்கமாக வாழவும் அனுமதிக்கப்பட்டது. விலாசத்துக்கு விளையாட்டே தனக்குத் தானே சான்றளித்துக்கொள்ளலாம். ரசிகர் சங்கத் தலைவர் இடுப்புப் பையைக் கழற்றிவிட்டு, ஹார்டு டிஸ்க்கையே வார் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். ஒரே நேரத்தில் ஒரே ஒரு விளையாட்டை ஆடுகிறவனெல்லாம் ஒரு ஆட்டக்காரனா என்று இப்போது கேட்க ஆரம்பித்தார்.

புதிய 'கோட்டை' வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபைல் முன்னே வரும், கோட்டை பின்னே போய்விடும். வாரிய ஊழியர்கள் சாப்பாட்டு இடைவேளையிலும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவர்களின் கடமையுணர்ச்சியைக் கண்டு மற்ற அலுவலகங்களும் ஹார்டு டிஸ்க் கேட்டு எழுதின, கேட்டவுடன் கிடைத்தது.

வீட்டில் சண்டை நின்றது. இத்தனைக்கும் காரணமான அந்த விளையாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, ஒரு நாள் பசுவின் மூன்றாம் இரைப்பைக்குப் பின்னால் அவளும் 'கோட்டை'யை ஓட விட்டாள். புத்தகம் ஐந்து மாதம் தாமதமாக முடிந்தது.

முடித்ததைப் பாடநூல் அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் கொடுத்தாள். மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. நேரில் போனாள். கவுன்டருக்குள் இருந்த குமாஸ்தா படுவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க ஃபைலைத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார், நிமிராமல். அவருடைய மூக்குக்கண்ணாடியில் மதில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

வரிசையில் அவளுக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். அவளுக்கு அடுத்து நின்றவர் எட்டிப் பார்த்தார்.

"சார், அகழியில இறங்காதீங்க. மேற்குப் பக்கம் முதலை இருக்கு."

"முதலை அடுத்த கட்டத்துலதாங்க," என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர். "தைரியமா இறங்கலாம்."

வரிசை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அவள் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். இரண்டு கட்சிக்குமே விஷயம் தெரியவில்லை. கவுன்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், "கொஞ்சம் எந்திரிங்க," என்றாள்.

குமாஸ்தா எழுந்து இடம் விட்டார். அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து கூடினார்கள். அவள் ராஜாவின் அறை வரை கொண்டுபோனபோது அலுவலகம் மூடும் மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

"உங்க ஃபைலை இன்னைக்கே முடிச்சுடட்டுமாம்மா?" என்று குமாஸ்தா நன்றியோடு கேட்டார்.

"அதுக்கென்ன இப்ப அவசரம்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.