குளியலறைக் கொக்கிப் படலம்

வாழி, கரிபடிந்த கன்னத்தாளே! வாழி, முன்மயிர் பொசுங்கி அரைப்புருவமே எஞ்சிய அஞ்சாநெஞ்சினாளே! இஸ்திரிக்காரரின் மூத்த மகளாய்ப் பிறந்து, அவ்வீட்டுப் பரம்பரையில் எவரும் மிதியாத கல்லூரி வாயிலை மிதித்து, இயந்திரவியற் பட்டம் என்னும் பெருஞ்செல்வத்தைச் சுருட்டிக் குழாயிலிட்டுப் பரண்மேல் எறிந்த பெண்ணரசியே! உன் புகழ் பாடவே எழுந்தது இந்நா. இரும்பே, சற்று அடங்கிக் கேள். நெருப்பே, அணையாதே, ஏற்கெனவே பலமுறை அணைந்து அவள் மானத்தை வாங்கியிருக்கிறாய். கலைகளுக்கெல்லாம் தலைமை தாங்கும் தெய்வம் எதுவாயினும் அதற்கு இந்நேரம் வேறு வேலை இருக்கும். ஆகவே எவரையும் துணைக்கழையாமல் கதைக்குள் புகுகின்றோம்.

போர் எதற்கு மூண்டது? மண்ணுக்கன்று. பொன்னுக்கன்று. முடிசூடிய வேந்தர் எவரும் கனவிலும் கருதாத காரணம் அது. அந்த வாடகை வீட்டின் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

மழையில் உப்பி, வெயிலில் வற்றி, நிலையோடு ஊடல் கொண்டு ஒருக்களித்தே நிற்கும் கோணற்பெருங்கதவு அது. கடையிற் பிறந்த தாழ்ப்பாள்கள் பல வந்தன. வந்தவையெல்லாம் எதிர்நிலையின் துளையை எட்டமாட்டாமல் கைநீட்டிக் கைநீட்டியே மாண்டன. வீட்டு உரிமையாளரோ, ‘பாக்கலாம்’ என்னும் ஒற்றை மந்திரத்தால் ஆண்டுகளை விழுங்கி ஏப்பம் விடும் ஆற்றல் படைத்தவர். ஆகவே அக்குடியினர், உள்ளே ஆளிருப்பதை ஓசையால் அறிவிக்கும் ஒழுக்கத்தைக் கைக்கொண்டனர். தந்தை கனைப்பார். தாய் செம்பால் குழாயைத் தட்டுவாள். தங்கை பாடுவாள், அக்கம்பக்கத்தார் வேண்டாம் என்னும் வரை. ஒரு மாதம் தங்குவதாகச் சொல்லி வந்து எந்த மாதம் என்று சொல்லாமலே இருந்துவிட்ட தாய்மாமன், செய்தித்தாளை உரக்க வாசிப்பார். விளையாட்டுப் பக்கம் முடியுமுன் வெளியே வந்ததாக வரலாறு இல்லை.

நம் தலைவிக்குக் கனைப்பும் வராது, பாட்டும் வராது. கோபம் வரும். ஒரு காலைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, மறுகாலை வழுக்குந்தரையில் ஊன்றி, நாரையும் நாணும் ஒற்றைக்கால் நிலையில் நின்றே அவள் தன் இளமைக்காலம் முழுதும் நீராடினாள். தன் உடம்பைத் தானே கழுவிக்கொள்ள இரு கால்களையும் தரையில் வைக்கும் உரிமை, வாக்குரிமை பெற்ற பிறகும் அவளுக்குக் கிட்டவில்லை.

ஒருநாட் காலை. தலையில் நுரை, கண்ணில் எரிச்சல், காலுக்கடியில் சோப்புத்துண்டு. வெளியிலிருந்து மாமன் தள்ளினார்; உள்ளிருந்து தலைவி தள்ளினாள். இரு மதயானைகளுக்கிடையே அகப்பட்ட வாழைத்தண்டெனக் கதவு நெளிந்தது. இறுதியில் மாமன் பின்வாங்கினார். பின்வாங்கியவர் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம்.

“உள்ள ஆளிருக்குன்னு ஒரு பாட்டாவது பாடலாம்ல?” என்றார்.

நுரை வழியும் தலையோடு, கதவின் அப்புறத்திருந்து, நாற்றிசையும் கேட்கத் தலைவி சூளுரைத்தாள்: “நான் பாட மாட்டேன் மாமா. கதவைப் பூட்ட வைக்கிறேன். அதுக்கு ஒரு கொக்கிய நானே என் கையால அடிச்சு மாட்டுறேன்.”

இச்சூளின் வேர் அக்குளியலறையில் இல்லை; கல்லூரிப் பட்டறையில் இருக்கிறது. அங்கே ஓர் உலை இருந்தது. ஆசிரியப் பெருந்தகை மாணவர் கையில் சம்மட்டியையும் மாணவியர் கையில் பேனாவையும் தந்து, ‘உங்களுக்குத்தான் கையெழுத்து அழகா இருக்கும், எழுதுங்கம்மா’ என்று அருள்பாலித்தார். அவர்கள் அடித்தார்கள். இவள் எழுதினாள். இரும்பு எந்நிறத்தில் வளையும், எந்நிறத்தில் முறியும், எந்நிறத்தில் எரிந்தே போகும் என்று நிறம் நிறமாய் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். கொடாத சம்மட்டி அன்றுமுதல் அவள் உள்ளங்கையில் அரித்துக்கொண்டே இருந்தது. சொறிந்தால் தீரும் அரிப்பா அது?

இனிப் படைக்கலங்கள் திரண்ட திறம் கேண்மின். பழைய இரும்புக் கடையில் துருப்போர்த்துத் துயின்ற லாரியின் பிரேக் டிரம் என்னும் இரும்புச்சட்டி, பின்கட்டில் செங்கல் மேல் ஏறி உலையாயிற்று. அதன் அடித்துளையில் குழாயொன்று செருகப்பட்டது. முறிந்த லாரி அச்சின் கனத்த துண்டு, மண்ணில் பாதி புதைந்து பட்டறைக்கல்லாயிற்று. தந்தையின் பழைய சட்டை கவசமாயிற்று. தாயின் அடுக்களை இடுக்கி, பால்சட்டி தூக்கும் பணியிலிருந்து பறிக்கப்பட்டுப் போர்ப்பணியில் அமர்த்தப்பட்டது. அடித்த இரும்பைக் குளிர்விக்கும் பேராழியாக, அந்தக் குளியலறையின் நீலநிறப் பிளாஸ்டிக் வாளியே முழுநீர் ததும்ப வந்து நின்றது. கட்டடம் கட்டுமிடத்தில் இரவல் வாங்கிய சம்மட்டியின் அருகே, அங்கேயே கேட்டு வாங்கிய முறுக்குக் கம்பித் துண்டுகள் களப்பலிக்குக் காத்துக் கிடந்தன. கரிக்கு மட்டும் பஞ்சமில்லை. இஸ்திரிப்பெட்டிக்கு வைத்திருந்த மூட்டையைத் தந்தையே அவிழ்த்துவைத்தார்.

எஞ்சியது துருத்தி. ஊதுவதற்கென்றே பிறந்த கருவி அவ்வீட்டில் ஒன்றே ஒன்று: தங்கையின் தலைமுடி உலர்த்தி. அதைப் பெற நடந்த தூதும், மறுப்பும், மறுதூதும், கதவடைப்பும் தனிக்காவியம் பாடத் தகும். ஈற்றில் தங்கை இசைந்தாள், ஒரு நிபந்தனையோடு. “குளிர்காத்துல மட்டும்தான் வைக்கணும். நான்தான் பிடிப்பேன். அதுக்கு ஏதாவது ஆச்சு, உன் புருவம் ரெண்டும் இருக்காது பாத்துக்க.”

முதற்போரில் டிரம்முக்குள் பூசிய களிமண் காயுமுன்னே தலைவி தீ மூட்டினாள். பொறுமை என்னும் அணிகலனை அவள் என்றும் அணிந்ததில்லை. ஈரமண் சீறிற்று, வெடித்தது, ஓட்டாஞ்சில்லாய்ப் பறந்தது. ஒரு சில்லு மாமனின் தேநீரில் விழுந்தது. இரண்டாம் போரில் மண் காய்ந்திருந்தது, தீ பிடித்தது, உலர்த்தி பிடிப்பவளும் வீராவேசம் கொண்டாள். விளைவாக உலையிலிருந்த சாம்பலெல்லாம் கார்மேகம்போல் எழுந்து, கொடியில் அன்னப்பறவைகளென வெண்மை பரப்பிக் காய்ந்துகொண்டிருந்த போர்வைகள்மீது இனிது இறங்கிற்று.

அன்னை வந்தாள். போர்வைகளைப் பார்த்தாள். பெருங்காவியங்களில் நிலம் நடுங்கும் இடம் இதுவே. அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தாததுதான் அச்சத்துக்குரியது.

“ஞாயித்துக்கெழமை இதையெல்லாம் மறுபடி துவைச்சுக் காயப்போடணும். அதுக்குள்ள கொக்கி வந்தா சரி. வரலைன்னா இந்தச் சட்டி பழைய இரும்புக்குப் போயிடும். நீ அழுதாலும் போயிடும்.”

மாமன் இவ்விடத்தில் ஒரு தீர்க்கதரிசனம் உரைத்தார். பெண்பிள்ளைக்கு இரும்பு வளையாதாம். வளைந்தாலும் கோணலாகத்தான் வளையுமாம். தானே ஒரு நாள் கடைக்குப் போய் நல்ல தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி வருவாராம். அவர் அந்தக் கடைக்குப் புறப்பட்டு எத்தனை மழைக்காலம் கழிந்தது என்று கேட்க அங்கே எவருக்கும் நேரமில்லை.

மூன்றாம் போர் மிகக் கொடிது. உலை அன்று வசப்பட்டிருந்தது. செங்காந்தள் விரித்தாற்போல் கரி கனன்றது; கம்பி கறுப்பிலிருந்து கருஞ்சிவப்புக்கும், கருஞ்சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கும் ஏறிற்று. எடுத்து அடித்திருந்தால் போர் அன்றே முடிந்திருக்கும். அவ்வேளை பார்த்து மாமன் மாடிப்படியிலிருந்து, இதைவிடத் தையல் வகுப்புக்குப் போயிருக்கலாம் என்று சொல்லிவைத்தார். தலைவி திரும்பினாள். தையலைப் பற்றியும் மாமனைப் பற்றியும், மாமனின் சட்டைப் பொத்தான்களை இதுநாள்வரை தைத்துத் தருவது யார் என்பது பற்றியும் அவள் ஆற்றிய பேருரை சொற்சுவையிற் சிறந்தது, பொருட்சுவையில் அதனினும் சிறந்தது. நீளம் மட்டும் சற்றுக் கூடிவிட்டது. அவள் மீண்டும் உலைநோக்கித் திரும்பியபோது, கம்பியின் நுனி வெண்ணிறம் எய்தி, விண்மீன்களைக் காறித் துப்புவதுபோல் பொறிகளைச் சிதறி, சொட்டென்று கரிக்குள் உதிர்ந்து ஒழிந்தது. ‘வெண்மை கண்டு பொறி பறந்தால் இரும்பு எரிகிறது என்று அறிக.’ அழகான கையெழுத்தில் அதை எழுதியவளே அதை எரித்தாள். கோபம் என்பது பிறர் உலைக்கு ஊதும் துருத்தி. அதைத் தன் உலைக்குத் திருப்பத் தெரிந்தவளே கொல்லத்தி என்று அன்று அவளுக்குப் புலப்பட்டது. புலப்படுவதற்குள் கையிருப்பில் ஒரே ஒரு கம்பி எஞ்சியது.

ஞாயிறு விடிந்தது. தாய் போர்வைகளை ஊறவைத்தாள். பழைய இரும்பு வாங்குபவரின் மணியோசை தெருமுனையில் கேட்டது. கேட்டு, நெருங்கியும் வந்தது. தந்தை அன்று தள்ளுவண்டியை எடுக்கவில்லை. சுவரோரம் குத்துக்காலிட்டு அமர்ந்து, துவைகல்லையும் உலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி களம் புகுந்தாள். தங்கை உலர்த்தியைக் குழாய்வாயில் பொருத்தினாள். மாமன் படியில் அமர்ந்து வாயைத் திறந்தார், தலைவி திரும்பவில்லை. மாமன் மேலும் திறந்தார். அவள் அப்போதும் திரும்பவில்லை. பேசவேண்டிய பேச்சையெல்லாம் பல்லுக்கிடையில் கடித்து, தோளுக்கு இறக்கி, முழங்கைக்கு அனுப்பி, சம்மட்டியின் தலையில் ஏற்றினாள். கம்பி செம்மஞ்சளாயிற்று. எடுத்தாள். அடித்தாள். ‘எழுதுங்கம்மா’ என்ற ஆசிரியருக்கு ஓரடி. ‘பாக்கலாம்’ என்ற வீட்டு உரிமையாளருக்கு ஓரடி. ஒற்றைக்காலில் நின்ற காலைகளுக்கெல்லாம் சேர்த்துப் பல அடி. சூடு ஆறுமுன் உலைக்குள் தள்ளினாள், சிவந்ததும் இழுத்தாள், மறுபடி அடித்தாள். இரும்பு முதலில் முரண்டு பிடித்தது, பிறகு முனகிற்று, பிறகு, கடைசியில் சம்மதிக்கும் மாமியாரைப்போல் மெல்ல மெல்ல இளகி நீண்டு கூர்ந்தது. ஒரு முனையை அச்சின் விளிம்பில் வைத்து வளைத்தாள், கொக்கி பிறந்தது. மறுமுனையைச் சுருட்டினாள், கண் பிறந்தது. நடுவுடலைச் சிவக்கவைத்து இடுக்கியால் பற்றி ஒரு முறுக்கு முறுக்கினாள். அம்முறுக்கால் கதவுக்கு யாதொரு பயனும் இல்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது, முறுக்கினாள்.

பின்பு அனல் தெறிக்கும் அக்கொக்கியை நீலவாளியில் ஆழ்த்தினாள். ஆவி எழுந்து பின்கட்டை மறைத்தது. பால்சட்டிக்கென்று படைக்கப்பட்ட இடுக்கி ஒருகணம் வழுக்கிற்று. இரும்பு நீருக்குள் நழுவிச் சாய்ந்தது. அவள் துழாவி எடுத்தாள். அவ்வளவில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் நாசியைத் துளைத்தது.

“என் டிரையர்!” என்று தங்கை அலறிய அலறலில் கொடியிலிருந்த காக்கை இடம்பெயர்ந்தது. குடும்பம் முழுதும் கூடி உலர்த்தியை முகர்ந்து பார்த்தது. தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. செருப்பாக இருக்கும் என்றாள் தாய். உங்கள் எல்லாருக்கும் மூக்குதான் கோளாறு என்றார் மாமன். ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. வெற்றிக்களத்தில் நாற்றத்தை யார் துருவுவார்? தலைவி வாளியிலிருந்த கரித்தண்ணீரைத் துவைகல்லோரம் கவிழ்த்து, வாளியைக் குளியலறையில் அதன் பழைய இடத்திலேயே வைத்தாள்.

கொக்கியின் கண்ணில் ஆணி இறங்கிக் கதவோடு பிணைந்தது. எதிர்நிலையில் வளையமொன்று ஏறிற்று. கோணற்கதவின் கோணலை அளந்தே வளைத்த கொக்கியாதலால், அது தன் வளையத்தைத் தேடவேண்டியிருக்கவில்லை. டக் என்றது. அந்த ‘டக்’ என்னும் ஓசைக்கு ஒப்பான இன்னிசையை யாழும் அறியாது, குழலும் அறியாது. தங்கை அறியாதது எல்லோருக்கும் தெரியும். வெளியே நின்ற மாமன் கதவைக் கையால் தள்ளினார். தோளால் தள்ளினார். செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு முதுகால் தள்ளினார். கதவு, கல்லில் செதுக்கியதென நின்றது.

“அட” என்றார் மாமன். அவர் வாழ்நாளில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியது அதுவே முதல்முறை.

தெருவில் இரும்பு வாங்குபவர் வாசலருகே வந்து மணியடித்தார். தந்தை எழுந்து போய், ஒன்றுமில்லை போய்வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். ஊறிய போர்வைகளைப் பிழிந்துகொண்டிருந்த தாய், உலையை ஒருமுறையும் மகளின் கரியேறிய முகத்தை ஒருமுறையும் பார்த்தாள். “இதையெல்லாம் மாடியில காயப்போட்டுக்கறேன். சட்டி இங்கயே கெடக்கட்டும்” என்றாள். “அந்த இடுக்கிய மட்டும் நீயே வச்சுக்க. எனக்கு வேற வாங்கிக் குடு.”

இவ்வாறு உலை காத்து, இரும்பை வென்று, மாமனை மௌனமாக்கி, தோளில் துண்டைப் பட்டாடையென அணிந்து, குடும்பத்தார் இருமருங்கும் விலகி வழிவிட, உள்ளே புகுந்தாள் தலைவி. கதவைச் சாத்தினாள். கொக்கியைத் தூக்கி வளையத்திலிட்டாள். டக். எவரும் தட்டவில்லை. எவரும் கனைக்கச் சொல்லவில்லை. இரண்டு கால்களையும் அகல ஊன்றி, ஆண்டாண்டாய்த் தனக்கு மறுக்கப்பட்ட அத்தரை முழுவதற்கும் தானே தனிப்பேரரசியென நிமிர்ந்து நின்று, வெள்ளம் பெருகுகவென ஆணையிடுவாள்போல் குழாயைத் திருகினாள்; வான்பிளந்து வீழும் அருவியென நீர் நீலவாளிக்குள் ஆர்ப்பரித்துப் பாய்ந்தது; பாய்ந்த நீரெல்லாம் அதே வேகத்தில் வாளியின் பக்கவாட்டிலிருந்து கொக்கி வடிவில் பீறிட்டு அவள் கால்மேல் விழுந்தது.

கதவைத் திறந்து அம்மாவிடம் ஒரு குடம் கேட்டாள்.