தவக்களைக்கு முதல் தேத்தண்ணி

தேத்தண்ணி கேட்டு வந்த அரச உத்தியோகத்தர்களை நடுவெயிலில் காயவிட்டு, அதற்குப் பிறகும் அவர்களிடம் நல்ல பெயர் எடுத்த மனிதப்பிறவி இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. முல்லைத்தீவில் நான் முதன்முதலாக வேலை பார்த்த அலுவலகத்தின் கன்ரீன் அக்கா. சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அக்காவைக் கெடுத்தது ஒரு சவர்க்காரக் கட்டி அளவு விளையாட்டு மெசின். பிரான்சில் இருக்கும் அவருடைய தமக்கையின் மகனுக்குப் பழைய சாமான் சேர்க்கிற விசர். ஊருக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்து, "பத்திரமா வைச்சிருங்கோ சித்தி, அடுத்த வைகாசியில வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு வந்து எடுக்கிறன்" என்று கொடுத்துவிட்டுப் போனான். அக்காவும் பத்திரமாகத்தான் அலுமாரியில் வைத்தார். ஒருநாள் தூசு தட்டுவதற்காக எடுத்தார். அன்றோடு எங்கள் பத்துமணித் தேத்தண்ணி பன்னிரண்டு மணிக்குப் போனது.

உள்ளே இருந்தது ஒரு சீட்டு விளையாட்டு. நாங்கள் கல்யாண வீட்டில் விளையாடுகிற சீட்டு அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விசித்திர மிருகம். நம்முடைய மிருகத்தை இறக்கி எதிராளியின் மிருகத்தை விழுத்த வேண்டும். வென்றால் புதுச் சீட்டு கிடைக்கும், அடுத்த எதிராளி வருவான்.

அந்த மெசினின் குறைகளைச் சொல்லத் தொடங்கினால் பின்னேரமாகிவிடும். எழுத்து முழுவதும் யப்பான் பாஷை. திரைக்கு வெளிச்சமே கிடையாது, வெயிலில் பிடித்தால்தான் தெரியும். அதுவும் பிடித்திருக்கிற ஆளுக்கு மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஞாபகம் வைக்கிற அதன் உள்பற்றரி எப்போதோ செத்துப்போயிருந்தது. மெசினை அணைத்தால் வென்ற சீட்டெல்லாம் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் கன்ரீன் ஜன்னலால் ஒரு நீள வயரை இழுத்து, முற்றத்து நடுவில் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, தலையில் துவாயோடு அக்கா உச்சிவெயிலில் குந்தியிருப்பார். கரண்ட் நின்றால் அந்த வீதியே கேட்கிற மாதிரி மின்சாரசபையை மரியாதையில்லாமல் விசாரிப்பார்.

"அப்பிடி என்னத்தையக்கா இதில கண்டனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதிர்ல இருக்கிறவன் கள்ள விளையாட்டு விளையாடான். தோத்தா முகத்தை நீட்டான். நான் உலை இறக்கப் போனா வரும்வரைக்கும் பேசாமக் காத்திருப்பான். இப்பிடி ஒரு மனிசனை நீ எங்கையாவது கண்டனியோ?"



பாஷை விளங்காததால் மிருகங்களுக்கு அக்காவே பெயர் வைத்தார். எல்லாம் எங்கள் பெயர்! மூன்று கொம்பு எருமைதான் நிர்வாக உத்தியோகத்தர். முள்ளுப் பன்றி கணக்காளர். "கிட்டப் போனாக் குத்துவார், அதுதான்" என்று விளக்கம் வேறு. முதலில் கோபப்பட்ட மனிதர்கள் போகப்போக மயங்கிவிட்டார்கள். காலையில் கையெழுத்துப் போட முன்னரே நிர்வாக உத்தியோகத்தர் கன்ரீன் வாசலில் நிற்பார். "அக்கா, நேற்று நான் எத்தினை பேரை முட்டினனான்?"

நான் தவக்களை. அதுவும் குடை பிடித்த தவக்களை.

"என்னக்கா இது, ஒரு நரியாவது தந்திருக்கலாமே!"

"நீ குடையோட வாறனி. அது குடையோட நிக்குது. நான் என்ன செய்ய?"

"அடிக்குமோ?"

"காசு சுண்டிப் பாக்கவேணும். நட்சத்திரப் பக்கம் விழுந்தா அடிப்பாய். விழாட்டி நிண்டு முழிப்பாய். கந்தோரிலயும் அதைத்தானே செய்யிறாய்."

எனக்கு மனவருத்தம்தான். அலுவலகத்திலும் நான்தான் கடைசிப் பதவி. தேத்தண்ணித் தட்டம் எருமையில் தொடங்கி, முள்ளுப் பன்றியிடம் போய், என் மேசைக்கு வரும்போது ஆறி ஆடை கட்டியிருக்கும். விளையாட்டிலாவது கொஞ்சம் உயரலாம் என்றால் அங்கேயும் சேற்றில்தான் விட்டார்கள்.

அடுத்த வைகாசியும் வந்தது. பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வான் வண்டியோடு வந்து அக்காவையும் மெசினையும் ஏற்றுவதாக தமக்கையின் மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டான். அக்கா அதுவரை ஒருமுறைகூடக் கடைசி எதிராளியிடம் போய்ச் சேர்ந்ததில்லை. தாடி வைத்த அந்த ஆளுக்கு அக்கா வைத்த பெயர் பெரியவர்.

"அவரை விழுத்தாமல் குடுத்தா எனக்குச் சோறு இறங்காதடா தம்பி" என்றார். குரல் உடைந்திருந்தது. மின்சாரசபையை நடுங்கவைத்த குரல் அது, கேட்க எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

நிர்வாக உத்தியோகத்தருக்கும் போயிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் தன் கணினியின் யூ.பி.எஸ். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கன்ரீனுக்கு வந்தார். "இதில கொழுவுங்கோ அக்கா. கரண்ட் நிண்டாலும் கொஞ்ச நேரம் தாங்கும். நான் முட்டுறது அரைவாசியில நிக்கக்கூடாது." அந்தக் கிழமை முழுவதும் அவருடைய கணினி கரண்டின் தயவில் கிடந்தது.

வெள்ளி பதினொரு மணிக்கு முற்றத்திலிருந்து கூக்குரல். "பெரியவர் வந்திட்டார்! எல்லாரும் வாங்கோ!"

அலுவலகம் காலி. அலுவலாக வந்த சனமும் பின்னால் வந்தது. ஒருவருக்கும் திரை தெரியாது, குனிந்தால் "வெளிச்சத்தை மறைக்காதேங்கோ!" என்று அடி விழும். அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கணக்காளர் இறங்கிறார்... குத்திப்போட்டார்! ஐயோ, பெரியவர் ஆனையை விடுறார். கணக்காளர் செத்துப்போனார்!"

கணக்காளர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் நின்றது. கன்ரீனுக்குள் யூ.பி.எஸ். கீ, கீ என்று கத்தத் தொடங்கியது. "கெதியா அக்கா, கெதியா!" என்று நிர்வாக உத்தியோகத்தர் குதித்தார். எருமை இறங்க, பெரியவர் ஆனையைப் பின்னுக்கு எடுத்தார். எருமை இரண்டு பேரை முட்டி வீழ்த்தி, திரும்பி வந்த அதே ஆனையிடம் செத்தது. மனிதர் படியில் குந்திவிட்டார்.

"இனி ஆர் இருக்கினம்?"

"தவக்களை."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அப்ப முடிஞ்சுது" என்றார் கணக்காளர்.

"வாயைப் பொத்துங்கோ சேர்! என்ர பெடியன் அடிப்பான்." அக்கா கண்ணை மூடினார். "கண்ணகைத் தாயே... நட்சத்திரம்!"

யூ.பி.எஸ். இழுத்து இழுத்துக் கத்தியது.

"இன்னொருக்கா நட்சத்திரம்! ஆனை ஆடுது... இன்னும் ஒண்டு வேணும், ஒண்டே ஒண்டு..." என் உள்ளங்கை வேர்த்துக் குடை வழுக்கியது. "நட்சத்திரம்! விழுந்திட்டார்! பெரியவர் விழுந்திட்டார்!"

யூ.பி.எஸ். கடைசியாக ஒருமுறை ஊளையிட்டு ஓய்ந்தது. அக்கா இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழும்பினார், துவாய் எங்கோ பறந்தது. நிர்வாக உத்தியோகத்தர் என்னைத் தூக்கினார். காணி அலுவலுக்கு வந்த ஒரு ஐயா விசிலடித்தார்.

கூட்டத்தின் பின்னால் பிரான்ஸ் மகன் நின்றான். மெசினை வாங்கிப் பார்த்தான். திரை வெறுமை.

"உண்மையா வெண்டனீங்களோ சித்தி? நான் நாலாவது ஆளையே தாண்டேல்ல."

"இவ்வளவு சனமும் பாத்ததடா!"

"ஓம், நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்!" என்றார் கணக்காளர் உரத்து. கணக்கில் ஒரு சதம் பிசகினாலும் கையெழுத்து வைக்காத மனிதர். விசிலடித்த ஐயாவும் பார்த்ததாகச் சொன்னார். நானும் சொன்னேன்.

அக்கா வயரைச் சுருட்டி மெசினோடு அவன் கையில் கொடுத்தார். "கொண்டு போ ராசா. எனக்கு இனி அதில அலுவல் இல்லை." முகத்தில் ஒரு சோர்வும் இல்லை, தேர் இழுத்து முடித்த ஆட்களின் முகம்.

பொங்கல் முடிந்து, செவ்வாய்க்கிழமை சரியாகப் பத்து மணிக்குத் தட்டம் வந்தது. எருமையைத் தாண்டி, முள்ளுப் பன்றியைத் தாண்டி, நேரே என் மேசைக்கு வந்தது. நிர்வாக உத்தியோகத்தர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"பெரியவரை விழுத்தின ஆளுக்குத்தான் முதல் தேத்தண்ணி. சூடாக் கிடக்கு, ஊதிக் குடி."

நான் மாற்றலாகும்வரை அந்த ஒழுங்கு மாறவில்லை. இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். இங்கே தேத்தண்ணி நேரத்துக்கு வருகிறது, எனக்குக் கடைசியாக வருகிறது. ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடிக்கிறபோதெல்லாம் அக்காவின் கதையைச் சொல்லுவேன். கேட்கிறவர்கள் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: திரையைத்தான் ஒருவரும் பார்க்கவில்லையே, அவா உண்மையாக வென்றாவோ?

வென்றார். நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன்.